நரம்பக்காவின் தங்கை

கடல் ஆய்வுக்கூடத்தின் வாசலில் நின்று அவளுடைய உண்மைப் பெயரைச் சொல்லிக் கேட்டால், அப்படி யாரும் இங்கே வேலை பார்க்கவில்லை என்றுதான் காவலர் சொல்வார். நரம்பக்கா என்று கேட்க வேண்டும். உடனே நாற்காலியை விட்டு எழுந்து, "நேரா போயி இடது பக்கம் திரும்புங்க. எந்தக் கதவுல குளிர் அடிக்குதோ அந்தக் கதவு" என்று கை காட்டுவார்.

அந்தக் கதவுக்குப் பின்னால் நீள மேசை ஒன்று. மேசையின் நடுவில் ஒரு கண்ணாடித் தட்டு, தட்டுக்கு அடியில் விளக்கு, மேலே உருப்பெருக்கி. மெல்லிய குழாய் வழியாகக் குளிர்ந்த கடல்நீர் தட்டில் விழுந்து வழிந்துகொண்டே இருக்கும். காலையில் படகில் வரும் ஊசிக்கணவாயின் தலையை ஒரே வெட்டில் எடுத்துவிட்டு, உடலைப் பிளந்து விரித்து, உள்சுவரில் ஓடும் நரம்பையும் அது கிளம்புகிற முடிச்சையும் உயிர் போகாமல் பிரித்துக் கொடுப்பது அவள் வேலை. மனிதனுடைய நரம்பிழை கண்ணுக்கே தெரியாது. கணவாயின் பெரிய நரம்பிழையோ வெறும் கண்ணுக்கே கண்ணாடி நூல்போலத் தெரியும். அதனால்தான் உலகத்தில் எத்தனையோ பிராணி இருக்க, நரம்பைப் படிக்கிறவர்கள் கணவாயைத் தேடி வருகிறார்கள். ஆனால் அந்த நூலில் பக்கவாட்டுக் கிளை ஒன்றைக் கொஞ்சம் வேகமாக இழுத்துவிட்டால் போதும், பால் தெளித்ததுபோல் ஒரு வெள்ளைப் புள்ளி விழும். அந்த நரம்பு அப்போதே செத்துவிட்டது என்று அர்த்தம். வெளிநாட்டில் படித்து வந்தவர்களெல்லாம் ஆறு மாதம் வெள்ளைப் புள்ளி வாங்கிய மேசை அது. நரம்பக்காவின் கையில் வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ விழுந்தால் அதிகம். விழுந்த அன்று யாரோடும் பேச மாட்டாள்.

அவள் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள். அம்மா போய்ச் சேர்ந்த பிறகு அப்பா குடியிலேயே மூழ்கி, ஒருநாள் துறைமுகத்துப் படிக்கட்டில் விழுந்து எழுந்திருக்கவில்லை. அப்போது அவளுக்குப் பதினைந்து வயது, தங்கைக்கு நாலு. மீன்துறையில் கணவாய் சுத்தம் செய்யும் கொட்டகைக்கு வேலைக்குப் போனாள். எட்டு வருடம் கழித்து, ஆய்வுக்கூடத்தின் பேராசிரியை ஒருநாள் கணவாய் வாங்க அந்தக் கொட்டகைக்கு வந்தவர், இவள் கத்தி போகிற போக்கைப் பார்த்தபடி அரைமணி நேரம் நின்றுவிட்டார். "மை படாம இத்தனை உரிச்சிருக்கியே. என்கூட வர்றியா?" என்றார். "சம்பளம் மாசாமாசம் வருமா?" என்று கேட்டாள் இவள். வரும் என்றார். கையைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

தங்கையைப் படிக்க வைத்தாள். தன் கல்யாணப் பேச்சை அவள் எடுக்கவே இல்லை. தங்கைக்கு எடுத்தபோதெல்லாம், "உன்னைக் கட்டிக் குடுத்துட்டு நான் போறேன்" என்று சொல்லித் தங்கை தட்டிக் கழித்துவிட்டாள். தங்கைக்குக் கடவுள் கொடுத்த சொத்து குரல். விரிகுடாவின் இரு கரைகளுக்கும் நடுவே ஓடும் பயணப்படகுகளின் துறையில் அவள் அறிவிப்பாளராகச் சேர்ந்தாள். எந்தப் படகு எந்த மேடையில், எது தாமதம், யாருடைய பை தனியாகக் கிடக்கிறது, எல்லாவற்றையும் அந்தக் குரல்தான் சொல்லும். படகு தாமதம் என்று அவள் அறிவித்தால் சண்டைக்கு வருகிறவனும் சரி போகட்டும் என்று உட்கார்ந்துவிடுவான் என்று துறையில் வேடிக்கையாகச் சொல்வார்கள்.

இருவருக்கும் இரண்டு அறை வீடு. அக்கா மீன் வாடையோடு வருவாள். தங்கை மூக்கைப் பிடித்துக்கொண்டு கதவைத் திறப்பாள். இப்படியே வருடங்கள் ஓடின. அக்காவுக்கு நாற்பத்தைந்து, தங்கைக்கு முப்பத்துநாலு ஆனது.

அந்த வருடத்துக் கோடையில்தான் அது ஆரம்பித்தது. முதலில் சாயங்கால அறிவிப்புகளில் ஒரு சொல் மட்டும் வழுக்கியது. பிறகு வாக்கியத்தின் கடைசிப் பகுதி மூக்கால் வந்தது. வீட்டில் தண்ணீர் குடிக்கும்போது ஒருநாள் மூக்கு வழியே வந்துவிட்டது. இடது இமை பாதி இறங்கி நின்றது. ஆனால் காலையில் எழுந்தால் பழைய ஆள், பழைய குரல். வேலைக்குப் போகும்போது மணிபோல் பேசிவிட்டுப் போகிறவள், திரும்பி வரும்போது நாக்குக் குழறி, கண் சொருகி வந்தால் எந்த அக்காவுக்கும் என்ன தோன்றும்? அதுவும் அந்த அப்பாவைப் பார்த்து வளர்ந்த அக்காவுக்கு?

ஒருநாள் சாயங்காலம் தங்கை செருப்பைக் கழற்றுவதற்குள் நரம்பக்கா அவள் முகத்தருகே போய் மோந்து பார்த்தாள்.

தங்கை அப்படியே நின்றுவிட்டாள். "என்னக்கா பண்ற?"

"வாடை வராத சரக்கெல்லாம் இப்ப வந்திருச்சாமே."

"நான் குடிக்கலக்கா." அதுவுமே குழைந்துதான் வந்தது.

"அந்த ஆளும் இதேதான் சொன்னாரு. இதே மாதிரி நாக்குத் தடிச்சுத்தான் சொன்னாரு. அவருக்கு வாந்தி வாரியே என் பாதி வயசு போச்சு. மீதிய உனக்கு வார முடியாது."

தங்கை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். குரல் எழும்பவில்லை. உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்றிலிருந்து ஐந்து வாரம் இருவருக்கும் பேச்சு இல்லை. ஒரே அடுப்பு, ஒரே கூடம், ஆனால் முகத்துக்கு முகம் பார்ப்பதில்லை. அக்கா சமைத்ததைத் தங்கை தொடவில்லை. ரொட்டியைப் பாலில் ஊறப்போட்டுக் கொஞ்சமாய் விழுங்கினாள். வீம்பு என்று அக்கா நினைத்தாள். சாயங்காலமெல்லாம் தங்கை தாடைக்குக் கையை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தாள். என்னை வெறுப்பேற்றத்தான் இந்தக் கோலம் என்று அக்கா நினைத்தாள். நாள் முழுக்க உருப்பெருக்கியில் கண் வைக்கிறவள், வீட்டில் எதிரே இருந்ததைப் பார்க்கவில்லை.

ஆறாவது வாரம் செவ்வாய்க்கிழமை. ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாகச் சேர்ந்த நாலைந்து மாணவிகளுக்குப் பேராசிரியை பாடம் நடத்திக்கொண்டிருந்தார். நரம்பக்கா ஒரு கணவாயின் நரம்பு முடிச்சை எடுத்து அவர் கருவியில் வைத்துக் கொடுத்துவிட்டு, தன் மேசையில் அடுத்ததைப் பிளந்துகொண்டிருந்தாள். பாடம் அவள் ஐம்பது முறை கேட்டதுதான். ஒரு நரம்பு முடிகிற இடமும் அடுத்தது தொடங்குகிற இடமும் ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. நடுவில் மயிரிழையிலும் மெல்லிய சந்து. இந்தப் பக்கத்து நரம்பு ஒரு ரசாயனத்தைக் கொட்டும். அந்தப் பக்கத்துத் தோலில் அதை வாங்கிக்கொள்ள ஏற்பிகள் இருக்கும். ஏற்பி வாங்கினால்தான் சேதி போய்ச் சேர்ந்தது என்று கணக்கு. முன்பு ஒருநாள் நரம்பக்கா இதைக் கேட்டுவிட்டு, "சொல்றவ தொண்டை கிழியச் சொன்னாலும் கேக்கறவளுக்குக் காது வேணும், அதானே மேடம்?" என்று கேட்டாள். அதற்கப்புறம் பேராசிரியை எல்லா வகுப்பிலும் அதையே தன் வசனம் மாதிரி சொல்லி வந்தார்.

அன்று அவர் வழக்கத்துக்கு மாறாக, ஏற்பிகளில் பாதியை அடைக்கிற ஒரு மருந்தைத் தட்டில் விட்டார். நரம்பை ஒருமுறை தூண்டினார். திரையில் கோடு நன்றாக எழும்பியது. விடாமல் அடுத்தடுத்துத் தூண்டினார். இரண்டாவது கோடு சற்றுக் குட்டை. மூன்றாவது அதிலும் குட்டை. ஏழாவதோ எட்டாவதோ சும்மா ஒரு நெளிவு, அவ்வளவுதான்.

"நரம்பு செத்துப் போச்சா மேடம்?" என்றாள் ஒரு மாணவி.

"இல்ல. கொட்டற சரக்கு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குறையும். ஏற்பி நிறைய இருந்தா அது தெரியாது, சமாளிச்சுக்கும். பாதிதான் இருக்குன்னா தாங்காது. இப்ப ரெண்டு நிமிஷம் சும்மா விடுவோம், பாருங்க."

விட்டார். மறுபடி தூண்டினார். கோடு பழைய உயரத்துக்கு எழும்பியது.

நரம்பக்காவின் கத்தரி நின்றது. "மேடம்," என்றாள் திரும்பாமலே, "மனுஷங்களுக்கு இப்படி வருமா?"

"இதே ஏற்பி இல்ல. கணவாய்க்கு வேற, நம்ம தசையில இருக்கிறது வேற. ஆனா இப்படி ஒரு நோய் இருக்கு. உடம்பே தன்னோட ஏற்பிகளை எதிரின்னு நினைச்சு அழிச்சிரும். காலையில நல்லா இருப்பாங்க. போகப்போக இமை தொங்கும், பேச்சு குழறும், மெல்ல முடியாது, விழுங்க முடியாது. ஓய்வெடுத்தா திரும்ப வரும். பாவம், பல பேரு குடிச்சிருக்காங்கன்னு..."

பேராசிரியை வாக்கியத்தை முடிக்கும்போது நரம்பக்கா கையுறையைக் கழற்றிவிட்டிருந்தாள். பாதி பிளந்த கணவாய் தட்டிலேயே கிடந்தது. இருபத்திரண்டு வருடத்தில் அப்படி அவள் விட்டுப்போனது அதுதான் முதல்முறை.

படகுத்துறைக்கு இருபது நிமிட நடை. போய்ச் சேர்ந்தபோது ஒலிபெருக்கியில் வேறொரு பெண் பேசிக்கொண்டிருந்தாள். அறிவிப்பு அறையில் விசாரித்தாள். தங்கையை அங்கிருந்து மாற்றி மூன்று வாரம் ஆகிவிட்டது என்றார்கள். எதற்கு என்று கேட்டதற்கு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "பயணிங்க புகார் குடுத்தாங்கம்மா" என்றார் ஒருவர் கடைசியில்.

தவறவிட்ட பொருள்கள் வைக்கும் அறை மாடிப்படிக்குக் கீழே இருந்தது. குடைகளுக்கும் ஒற்றைச் செருப்புகளுக்கும் நடுவில், தாடையை உள்ளங்கையில் தாங்கியபடி தங்கை உட்கார்ந்திருந்தாள். கையை எடுத்தால் வாய் தானாகத் திறந்துகொள்ளும் என்று இப்போது அக்காவுக்குத் தெரிந்தது. மீன் வாடை அடிக்கும் மேலங்கியோடு அவள் முன்னால் மண்டியிட்டாள்.

"வா, டாக்டர்கிட்டப் போலாம்."

"எதுக்கு? மோந்து பாக்கவா?" என்றாள் தங்கை. பாதிதான் புரிந்தது. அந்தப் பாதியே போதுமாக இருந்தது.

நரம்பு மருத்துவர் இளம்வயதுக்காரர். அதிகம் பேசவில்லை. மேலே பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னார். இமை இரண்டும் மெல்லமெல்லக் கீழே இறங்கின. பிறகு ஒரு ரப்பர் கையுறைக்குள் பனிக்கட்டிகளைப் போட்டுக் கட்டி, இடது கண்ணின்மேல் இரண்டு நிமிடம் வைத்தார். எடுத்தபோது இமை நன்றாக மேலே ஏறியிருந்தது. குளிர் பட்டால் மிச்சமிருக்கிற ஏற்பிகள் கொஞ்சம் நன்றாக வேலை செய்யும், அது இந்த நோய்க்கு ஓர் அடையாளம் என்றார். தங்கை கண்ணாடியில் தன் கண்ணைப் பார்த்துவிட்டு, "பாத்தியாக்கா, கணவாய்க்கு வைக்கிற ஐஸை எனக்கும் வெச்சாச்சு" என்றாள். மூவரும் சிரித்தார்கள். நரம்பக்கா சிரிப்பை நிறுத்த முடியாமல் வெளியே போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள்.

ரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது. நாலு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை. முதல் மாத்திரை விழுங்கி முக்கால் மணி நேரத்தில் தங்கையின் வாயிலிருந்து ஒரு முழு வாக்கியம் உடையாமல் வந்தது. திரும்பும் வழியில், கரையோரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"உன்னைப் போயி மோந்து பாத்தேனே..." என்று தொடங்கினாள் அக்கா.

"விடுக்கா. ஒருநாள் எனக்கே சந்தேகம் வந்துச்சு. எனக்குத் தெரியாம நானே எங்கயாவது குடிச்சிட்டு வர்றேனோன்னு."

"அறிவிப்பு வேலையிலேர்ந்து உன்னை மாத்தினதையாவது சொல்லியிருக்கலாமில்லடி."

"யார்கிட்டச் சொல்றது? நீதான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுச் சுத்துனியே." பிறகு அவளே சொன்னாள்: "அதவிட, வாயத் தொறந்தா மறுபடி அப்பா மாதிரின்னு சொல்லிருவியோன்னு பயம்."

அடுத்த ஏழு மாதம் நல்லகாலம். நரம்பக்கா சமையலறைச் சுவரில் மாத்திரை நேரங்களை எழுதி ஒட்டினாள். எல்லாவற்றையும் குழைய வேகவைத்தாள். நேரம் தவறினால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இமையைப் பார்ப்பாள். "உருப்பெருக்கியக் கொண்டுவந்து வெச்சுக்கயேன்" என்பாள் தங்கை. மருத்துவர் கொடுத்த கடிதத்தைப் பார்த்துவிட்டுப் படகுத்துறைக்காரர்கள் காலை வேளைக்கு மட்டும் அவளைத் திரும்ப ஒலிபெருக்கிக்கு அழைத்தார்கள். அவள் திரும்பிய முதல் நாள் நரம்பக்கா வேலைக்குத் தாமதமாகப் போனாள். துறையில் நின்று, தான் ஏறப்போகாத எட்டுப் படகுகளின் அறிவிப்பையும் கேட்டுவிட்டுத்தான் நகர்ந்தாள்.

மழைக்காலத்தில் ஊரெல்லாம் காய்ச்சல். தங்கைக்கும் வந்தது. மற்றவர்களுக்கு நாலு நாள் இருமல். இவளுக்கு இரும வலு இல்லாமல் சளி நெஞ்சில் இறங்கியது. விழுங்கிய உணவும் மூச்சுக்குழாய்க்குப் போனது. மருத்துவமனையில் சேர்த்த மறுநாள் மூச்சுத் தசைகளும் ஓய்ந்தன. தொண்டையில் குழாய் இறக்கிக் கருவியோடு இணைத்தார்கள்.

ரத்தத்தை வெளியே எடுத்து, ஏற்பிகளைத் தாக்குகிற பொருளை நீக்கி, மறுபடி உள்ளே விடப்போவதாக மருத்துவர் சொன்னார். நரம்பக்காவுக்கு அது உடனே புரிந்தது. கணவாய் நரம்பிலும் சில மருந்துகள் கடல்நீரில் கழுவினால் போய்விடும். சிலந்தி விஷத்திலிருந்து எடுத்த ஒன்று மட்டும் எத்தனை கழுவினாலும் விடாது.

"கழுவினா போயிடுமா டாக்டர்?"

"போகும்மா. உடம்பு மறுபடி உண்டாக்கும். அதுக்குள்ள நுரையீரல் தேறிடணும்."

மூன்றாவது முறை கழுவியதும் தங்கையின் கண்கள் முழுதாகத் திறந்தன. விரல்களில் வலு வந்தது. அட்டையில் காகிதம் வைத்துப் பென்சிலைக் கொடுத்தாள் அக்கா. தங்கை கோணல்மாணலாக எழுதினாள்: "வேலைக்குப் போ. கணவாய் காத்திருக்காது."

"செத்துத் தொலையட்டும்" என்றாள் அக்கா.

தங்கை மறுபடி எழுதினாள்: "அது செத்தாத்தானே உனக்கு வேலை." குழாய்க்குப் பின்னால் தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று அக்கா புரிந்துகொண்டாள்.

ஐந்து முறை கழுவினார்கள். நரம்பு தேறியது, நுரையீரல் தேறவில்லை. புதிதாக ஒரு தொற்று வந்து ரத்தத்தில் கலந்தது. இருபத்தாறாம் நாள் காலை, செவிலி படுக்கை விரிப்பை மாற்றிவிட்டுப் போன கொஞ்ச நேரத்தில், நரம்பக்கா பிடித்திருந்த கையில் இருந்த சிறு அழுத்தமும் இல்லாமல் போனது. ஓய்வெடுத்துக்கொள்ளட்டும், திரும்ப வரும் என்பதுபோல் அவள் அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தாள். செவிலிதான் வந்து விரல்களைப் பிரித்தாள்.

இரண்டு வாரம் கழித்து வேலைக்கு வந்தாள். யாரும் ஆறுதல் சொல்வதற்கு முன் கையுறையை மாட்டிக்கொண்டாள். மத்தியானம் பேராசிரியையின் அறைக்குப் போனாள்.

"மேடம், ஒண்ணு கேக்கணும். இத்தனை வருஷம் நான் எடுத்துக் குடுத்ததுல அவ நோவுக்கு ஏதாவது உபயோகம் ஆச்சா? ஒரு மாத்திரை, ஒரு ஊசி, ஏதாவது?"

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "நேரடியா இல்ல. அவளோடது வேற ஏற்பி. அதைக் கண்டுபிடிச்சவங்க வேற பிராணிய வெச்சுக் கண்டுபிடிச்சாங்க. நரம்புல சேதி எப்படி ஓடுதுன்னு கணவாய்தான் சொல்லிக்குடுத்துச்சு. அதுக்குமேல சொன்னா நான் பொய் சொல்ற மாதிரி ஆகும்."

"சரி மேடம்" என்று திரும்பி வந்து மிச்ச வேலையை முடித்தாள். அன்று இரண்டு வெள்ளைப் புள்ளி விழுந்தது. வீட்டுக்குப் போகும்போது காவலரிடம் மட்டும், "அந்தம்மா ஒரு பொய் சொல்லியிருக்கலாம்" என்றாள். என்ன பொய் என்று அவருக்குத் தெரியாது. ஆமாம் என்று தலையாட்டினார்.

அதன் பிறகு அவளுக்கு ஒரு பழக்கம் வந்தது. பேருந்திலோ கடையிலோ யாருக்காவது இமை தொங்கிக்கொண்டிருந்தால் பக்கத்தில் போய்விடுவாள். "சாயங்காலம் அதிகமாகுதா? மெல்லும்போது தாடை வலிக்குதா?" என்று கேட்டு, நரம்பு மருத்துவரின் விலாசத்தை எழுதிய சீட்டைக் கையில் திணிப்பாள். ஒரு கடைக்காரர், "எனக்குப் பொறந்ததுலேர்ந்தே கண்ணு இப்படித்தாம்மா, எங்கப்பாவுக்கும் இப்படித்தான்" என்று கோபித்துக்கொண்டார். இன்னொருத்தி இரவு வேலை பார்த்துத் தூங்காதவள். முகத்துக்கு நேராகவே பைத்தியம் என்று சொன்னவர்களும் உண்டு. ஆறு வருடத்தில் ஒன்பது பேருக்குச் சீட்டுக் கொடுத்தாள்.

ஒன்பதாவது, துணிக்கடையில் விற்பனைப் பெண். அவள் நாலு மாதம் கழித்து ஆய்வுக்கூடத்தைத் தேடிக்கொண்டு தன் அக்காவோடு வந்தாள். டாக்டர் பனிக்கட்டி வைத்துப் பார்த்தாராம், ரத்தத்திலும் அதேதானாம், இப்போது மாத்திரையில் நன்றாக இருக்கிறாளாம். இமை இரண்டும் சமமாக நின்றன. பழக்கூடை ஒன்றை மேசை ஓரத்தில் வைத்துவிட்டு, "நீங்க சொல்லலைன்னா வீட்டுல எல்லாரும் நடிக்கிறேன்னுதான் நினைச்சிட்டிருந்திருப்பாங்க" என்றாள். அக்காக்காரி தலையைக் குனிந்துகொண்டாள்.

நரம்பக்கா அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பவில்லை. அக்காக்காரியைத்தான் பார்த்தாள். "மழைக்காலத்துல ஜாக்கிரதை. சாதாரணச் சளின்னு விட்டுறாதீங்க. அன்னிக்கே கூட்டிட்டுப் போயிருங்க" என்றாள். பிறகு கடல்நீர்க் குழாயைச் சரிசெய்துவிட்டு, உருப்பெருக்கியின்மேல் குனிந்துகொண்டாள். அவர்கள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமலே மெதுவாக வெளியே போனார்கள்.